மண்ணெண்ணெயில் விழித்த மோட்டார் வண்டிகள்

இயந்திரங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவற்றைக் கண்டுபிடித்தோரையும் அவற்றை விற்றுப் பொருளீட்டியோரையும் பற்றியே எழுதுகின்றனர். நின்றுபோன இயந்திரத்தை மறுபடியும் ஓடச் செய்தவனுக்கு அவ்வரலாற்றில் இடம் கிடைப்பது அரிது. ஆயினும் ஒரு பொறி ஒரு நாட்டிலே எத்தனை காலம் உயிர்வாழும் என்பதை நிச்சயிப்பவன் அவனே. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்னும் மாவட்டங்களை அடக்கிய வன்னிப் பெருநிலப்பரப்பில், 1990ஆம் ஆண்டு தொடக்கம் 2002ஆம் ஆண்டு வரையில், பெற்றோல் இல்லாத ஊரில் பழைய பிரித்தானிய மோட்டார் வண்டிகளை இயக்கிய கதை அவ்வாறு எழுதப்படாது கிடக்கும் கதைகளுள் ஒன்றாகும்.

அவ்வண்டிகள் வந்த வழியை முதலிற் கூறுதல் வேண்டும். மொறிஸ் மைனர் என்னும் சிறிய வண்டி 1948ஆம் ஆண்டு இலண்டன் ஏள்ஸ் கோட் கண்காட்சியில் முதன்முதலாக மக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. அதனை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். பின்னர் 1959இல் மினி வண்டியை உலகுக்கு அளித்தவரும் அவரே. பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையைத் தாண்டிய முதற் பிரித்தானியக் கார் என்ற பெருமை மொறிஸ் மைனருக்கு உண்டு. அதற்குப் போட்டியாக விளங்கிய ஒஸ்ரின் நிறுவனத்தின் ஏ 30, ஏ 35, ஏ 40 ஆகிய வண்டிகளும் அதே காலத்தில் இலங்கைக்கு வந்திறங்கின. 1952இல் ஒஸ்ரினும் மொறிசும் ஒரே கூட்டுத்தாபனமாக இணைந்தபின், ஒஸ்ரினின் சிறிய இயந்திரமே மொறிஸ் மைனருக்குள்ளும் பொருத்தப்பட்டது. வேறுவேறு பெயர் தாங்கிய வண்டிகளின் உறுப்புகள் ஒன்றுக்கொன்று உதவியதற்கு இவ்விணைப்பே காரணம். பிற்காலத்தில் வன்னிக் கராஜ்களுக்கு இது பேருதவியாயிற்று.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் நெடுஞ்சாலையின் இலக்கமும் ஏ 35 என்பது ஒரு வேடிக்கை. ஒஸ்ரின் ஏ 35 வண்டி ஏ 35 வீதியில் ஓடியதை எண்ணிப் புன்னகைத்தவர்கள் ஒருசிலரேனும் இருந்திருப்பர்.

1957ஆம் ஆண்டு முதல் பதிவான வண்டிகளின் இலக்கத் தகட்டில் சிங்கள எழுத்திலமைந்த ‘ஸ்ரீ’ இடம்பெறத் தொடங்கியதும், அதனை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி 1957, 1958ஆம் ஆண்டுகளில் இயக்கம் நடத்தியதும் யாவரும் அறிந்தவை. ஆதலால், ஆங்கில எழுத்துத் தாங்கிய பழைய தகடு அவ்வண்டிகளுள் ஒன்றில் இருப்பின் அது 1957க்கு முற்பட்டது என்று கண்டவுடனேயே சொல்லிவிடலாம். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரையில் இருந்ததைக் கொண்டே காலந்தள்ள வேண்டியிருந்தது. பிரித்தானியாவில் பழையவண்டிக் கிடங்குகளுக்குப் போய்விட்ட கார்கள் இலங்கையின் வடக்கிலே வாடகை வண்டிகளாக உழைத்துக்கொண்டிருந்தமைக்குக் காரணம் இதுவே. ஒரு வண்டியைப் பதினைந்து ஆண்டுகள் திருத்தித் திருத்தி ஓட்டிய பழக்கம், பின்வந்த கொடிய காலத்துக்கு ஒரு பயிற்சியாகவும் அமைந்துவிட்டது.

1990ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டது. வடக்கே பொருள்கள் செல்வதற்குத் தடைகள் விதிக்கப்பட்டன. பெற்றோல், டீசல், பற்றரி, வாகன உதிரிப்பாகங்கள் என்பன தடைப்பட்டவற்றுள் முக்கியமானவை. தேசிய மின்வலையிலிருந்து வந்த மின்சாரமும் நின்றது. மண்ணெண்ணெய் மாத்திரம் வீட்டு விளக்குக்கும் அடுப்புக்குமெனக் குறைந்த அளவில் அனுமதிக்கப்பட்டது. வவுனியா நகரத்தில் நிரப்பு நிலையத்திற் கிடைத்த பெற்றோல், நகருக்கு வடக்கே சில மைல் தூரத்தில் பன்மடங்கு விலைக்குப் போத்தலிலே விற்கப்படும் அரும்பொருளாயிற்று. வண்டிகள் ஒவ்வொன்றாகக் கொட்டிலுக்குள்ளும் மாமர நிழலிலும் நின்றுபோயின.

ஓடாது நிற்கும் வண்டி ஓய்வெடுக்கின்றது என்று எண்ணுவது தவறு. ஓடும் வண்டி தேய்கின்றது. நிற்கும் வண்டி கெடுகின்றது. பெற்றோலின் இலேசான பகுதி தாங்கியின் மூச்சுத் துளைவழியே சில மாதங்களில் ஆவியாகிப் போய்விடும். எஞ்சியது பிசின்போலத் தடித்து, காபுரேற்றரின் ஊசித்துளைகளை அடைக்கும். வடகீழ்ப் பருவக்காற்று ஐப்பசி தொடங்கித் தை வரையில் ஈரத்தைக் கொண்டுவந்து தாங்கியின் உட்சுவரிலே துருவைப் படியச் செய்யும். முல்லைத்தீவுக் கரையோரமாயின் உப்புக் காற்றும் சேரும். குளவி மண்வைத்துக் குழாய்களை அடைப்பதும், எலி மின்கம்பியின் உறையைக் கடிப்பதும் வன்னியிற் புதுமையல்ல. மொறிஸ் மைனரில் பின்புறம் மரச்சட்டத்தால் அமைந்த ‘ட்ராவலர்’ என்னும் வகையொன்று உண்டு. கறையானுள்ள நாட்டில் அதனை நிறுத்திவைப்பது எத்தகையது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இத்தகைய வண்டியை எழுப்ப முற்படுவோர் பலர் செய்யும் பெரும்பிழை, பற்றரியைக் கொண்டுவந்து பூட்டித் திறப்பைத் திருப்புவதுதான். தேர்ந்த மெக்கானிக் அதனைச் செய்யான். அவன் முதலில் அறிய விரும்புவது, இயந்திரம் சுற்றுகின்றதா என்பதே. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர்ச் சுவரோடு துருவினாற் பற்றிக்கொண்டிருக்கலாம். அதனைப் பலவந்தமாகத் திருப்பினால் வளையம் முறியும். ஆகவே நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு மேசைக்கரண்டியளவு எண்ணெயை வார்த்து, ஓரிரவோ ஈரிரவோ ஊறவிடுதல் வேண்டும். பின்னர் முன்புறத்தே கைப்பிடியைச் செருகி மெல்ல அசைத்துப் பார்த்தல் வேண்டும். 1950களின் பிரித்தானிய வண்டிகளிற் கைப்பிடி செருகுவதற்குத் துளை இருந்தமை, பற்றரியில்லாத வன்னிக்கு வாய்த்த பெரும்பேறு எனலாம். ஆனால் அக்கைப்பிடியைப் பற்றும்போது பெருவிரலையும் மற்றை விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்தல் வேண்டும். இயந்திரம் எதிர்த்து உதைத்தாற் பெருவிரல் முறியாதிருப்பதற்கு இஃதொன்றே வழி.

சுற்றுகின்றது என்று கண்டபின் அடுத்தது தீப்பொறி. பிளக்கை வயரோடு இணைத்து இயந்திரத்தின் இரும்பில் வைத்துச் சுற்றினால் நீலப்பொறி துள்ளவேண்டும். துள்ளவில்லையெனில் பெரும்பாலும் குற்றம் ‘பொயின்ற்’ எனப்படும் சிறு தொடுமுனைகளில்தான் இருக்கும். அவை ஈரத்தால் மங்கிவிடும். மெல்லிய அரத்தாளினால் இரண்டு முறை தேய்த்துத் துணியால் துடைத்தால் உயிர் வந்துவிடும். இங்கேயும் பழமையின் அநுகூலம் தெரிகின்றது. பிந்திய காலத்து மின்னணு வண்டிகளில் அத்தகைய இடத்தில் ஒரு மூடிய பெட்டி இருக்கும். அது பழுதானால் வேறொன்று வாங்கவேண்டும், வாங்குவதற்கோ வழியில்லை.

பொறியை உண்டாக்குவதற்கு மின்சாரம் வேண்டுமன்றோ? அக்காலத்தில் வடக்கிலே துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, அதன் டைனமோவிலிருந்து வானொலியைக் கேட்டவர்கள் பலர். உலகச் செய்தி அவர்களை அடைந்தது அவ்வாறுதான். வானொலியைப் பேசவைத்த டைனமோ மோட்டார் வண்டியையும் எழுப்பாதா என்ற கேள்வி எழுதல் இயல்பே. எழுப்பாது. துவிச்சக்கரவண்டியின் டைனமோ தருவது ஏறக்குறைய 6 வோல்ற்று, 3 வாற்று. ஒஸ்ரினின் தீப்பொறிச் சுருளுக்கோ 12 வோல்ற்றில் மூன்று நான்கு அம்பியர், அஃதாவது 40 வாற்றுக்குக் கிட்டிய ஆற்றல் வேண்டும். ஸ்ராட்டர் மோட்டாருக்கு அதனினும் பன்மடங்கு. ஆகவே இறந்த பற்றரியிலே எஞ்சிய சிறு உயிரைப் பொறிக்கெனச் சேமித்து, சுழற்றும் வேலையை மனிதக் கைகளுக்கோ தோள்களுக்கோ விட்டனர். வன்னி சமதரையாதலின் வண்டியை மேட்டில் நிறுத்தி உருளவிடும் வசதியும் குறைவு. நான்கு பேர் தள்ள, சாரதி இரண்டாம் கியரிலே கிளச்சை விடுவதே வழக்கமாயிற்று. (நெடுநாள் நின்ற வண்டியில் கிளச்சுத் தட்டே ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதையும் அறிதல் வேண்டும், தள்ளத் தொடங்கிய பின்னர் அதனை அறிவது சங்கடமானது.)

இன்னுமொன்று. அவ்வண்டிகளில் பற்றரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்படும். பிற்காலத்து யப்பானிய வண்டிகளில் இது மறுதலை. அவற்றிலே பழகிய இளைஞன் பழைய மொறிசுக்கு முனை மாற்றிப் பூட்டி டைனமோவைக் குழப்பிவிடுவது, வயதான மெக்கானிக்குகள் எங்கும் சலித்துக்கொள்ளும் விடயம்.

மூன்றாவது, எரிபொருள். மொறிஸ் மைனரில் மின்சார எரிபொருட் பம் பொனற்றின் கீழே இருக்கும். திறப்பைத் திருப்பியவுடன் ‘டக் டக்’ என்று ஒலித்துப் பின் அடங்கினால் நலம். ஒலியே இல்லையெனில் அதன் உள்ளேயும் ஒரு தொடுமுனை ஒட்டிக்கொண்டது என்று பொருள். ஸ்பனரின் பிடியால் மெல்லத் தட்டினால் விழித்துக்கொள்ளும். இடைவிடாது ஒலித்துக்கொண்டேயிருந்தாலோ, எங்கோ காற்றை இழுக்கின்றது அல்லது தாங்கி வெறுமையாயுள்ளது. ஒஸ்ரின் வண்டிகளின் பம் இயந்திரத்தின் சுழற்சியினாலேயே இயங்குவது, அது பேசாது.

ஆயின், பம்பும் பொறியும் செம்மையாக இருந்தும் தாங்கியில் ஊற்றுவதற்குப் பெற்றோல் இல்லையே. இங்கேதான் மண்ணெண்ணெய் கதைக்குள் வருகின்றது.

மண்ணெண்ணெயில் இயந்திரம் ஓட்டுவது வன்னியார் கண்டுபிடித்த வித்தையன்று. 1917இல் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்ட் வெளியிட்ட ஃபோர்ட்சன் உழவு இயந்திரம் பெற்றோலில் எழுந்து மண்ணெண்ணெயில் உழைத்தது. கொவன்றி நகரில் 1946 முதல் 1956 வரையில் ஐந்து இலட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்ட பேர்கசன் உழவு இயந்திரங்களில் ஒருவகை, மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எண்ணெயில் ஓடுவதற்கென்றே ஆக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரின்போது பெற்றோல் கிடையாத நாடுகளில் விறகையும் கரியையும் எரித்து வந்த வாயுவில் பேருந்துகள் ஓடின. தமிழகத்திலும் கரிவாயுப் பேருந்துகளைக் கண்ட தலைமுறையொன்று இருந்தது. வன்னியில் நிகழ்ந்த புதுமை வேறு. உற்பத்தியாளர் பல இலட்சம் செலவிட்டு அமைத்த ஏற்பாட்டை, பெற்றோலுக்கென்றே பிறந்த காரிலே போத்தலும் குழாயும் கொண்டு சாதாரண மக்கள் அமைத்துக்கொண்டனர்.

இதன் தத்துவம் எளிது. பெற்றோல் ஏறக்குறைய 30 பாகையிலேயே கொதிக்கத் தொடங்கும். மண்ணெண்ணெய்க்கு 150 பாகை வேண்டும். 38 பாகைக்கு மேற் சூடேறினாற்றான் அது தீப்பற்றத்தக்க ஆவியையே வெளிவிடும். குளிர்ந்த இயந்திரத்துள் மண்ணெண்ணெய் துளிகளாகவே போய்ச் சிலிண்டரை நனைக்குமேயன்றி எரியாது. இயந்திரம் சூடேறிவிட்டாலோ, அச்சூட்டிலே அதுவும் ஆவியாகும். ஆகவே முதற் சில நிமிடங்களுக்கு மாத்திரம் பெற்றோல் தேவை. காபுரேற்றருக்கு மேலே ஒரு சிறு போத்தலைத் தொங்கவிட்டு, சேலைன் ஏற்றுவது போன்ற மெல்லிய குழாய் ஒன்றினால் இணைத்து, அதிலே அரைக்காற் போத்தல் பெற்றோலை வைத்துக்கொண்டால் பல நாட்களுக்குப் போதும். வண்டி எழுந்து சூடானதும் குழாயை அடைத்து மண்ணெண்ணெய்த் தாங்கிக்கு மாற்றுவர். மோட்டார்ச் சைக்கிளாயின் இன்னும் சிக்கனம். சிறு பிளாஸ்ரிக் போத்தலில் இருந்து சில துளிகளைக் காற்று உட்செல்லும் வழியிற் பீச்சிவிட்டு உதைத்தாற் போதுமானது.

மண்ணெண்ணெய்க்கு அழுத்தம் ஆகாது. உயர்ந்த அழுத்தத்திலே அது வேளைக்கு முன் வெடித்துப் பிஸ்டனைச் சம்மட்டியால் அடிப்பதுபோல் அடிக்கும். பிந்திய யப்பானிய இயந்திரங்களில் ஒன்பது மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தம் சாதாரணம். மொறிஸ் மைனரின் 948 கன சென்ரிமீற்றர் இயந்திரமோ 8.3 மடங்கு, 7.2 மடங்கு என இருவகையில் வெளிவந்தது. பிந்தியது தரங்குறைந்த பெற்றோல் விற்கும் நாடுகளுக்கென்று ஆக்கப்பட்டது. மண்ணெண்ணெயை அது சகித்துக்கொண்டதன் இரகசியம் அதுவே. புதிய வண்டி வைத்திருந்தவன் நடந்து போக, தாத்தாவின் ஒஸ்ரின் வைத்திருந்தவன் வண்டியில் போன விசித்திரம் இவ்வாறுதான் நேர்ந்தது. அழுத்தத்தை மேலும் தாழ்த்த இரண்டு கஸ்கற்றுகளை அடுக்கி வைப்பதும், தீப்பொறி விழும் நேரத்தைச் சிறிது பிற்படுத்துவதும் பழைய மெக்கானிக்குகள் உலகெங்கும் அறிந்த உபாயங்கள்.

இதற்கு விலையும் இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் வளையங்களைத் தாண்டி ஒயிலோடு கலக்கும். அளவுகோலை இழுத்துப் பார்த்தால் ஒயில் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும்! அறியாதவன் மகிழ்வான், அறிந்தவன் வண்டியை உடனே நிறுத்துவான். தண்ணீராய்ப் போன அவ்வொயிலில் தாங்கிகள் தேய்ந்து இயந்திரம் அழியும். பிளக்குகளிற் கரி படிந்து அடிக்கடி கழற்றித் துலக்கவேண்டும். வெண்புகையும் மணமும் வண்டிக்கு முன்னே ஊருக்குள் வந்துவிடும். இவற்றுள் மிகச் சிக்கலானது, நிறுத்தும் முறை. மண்ணெண்ணெயிலேயே நிறுத்திவிட்டால் காபுரேற்றர்க் கிண்ணம் முழுவதும் மண்ணெண்ணெய் நிற்கும். மறுநாட் காலையில் எவர் தள்ளினும் வண்டி எழாது. ஆதலால் இடத்தை அடைவதற்குச் சற்று முன்பே பெற்றோலுக்கு மாற்றி, கிண்ணத்தை அதனால் நிரப்பிய பின்னரே நிறுத்துதல் வேண்டும். நின்ற வண்டி ஏன் எழவில்லை என்பதற்கான விடை பெரும்பாலும் முதல்நாள் மாலையில் அதை நிறுத்தியவனின் கையிலே இருந்தது.

இஃதெல்லாம் எதற்காக? உலாப் போவதற்காக எவரும் இவ்வளவு பாடுபட்டிலர். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்தனர். 1996இல் அவர்களுட் பெருந்தொகையினர் வன்னிக்கு வந்தனர். அதே ஆண்டு கிளிநொச்சியும் போர்க்களமாகி வெறுமையாயிற்று. காட்டோரத்துக் கொட்டில்களில் குடியிருந்த மக்களை மலேரியாக் காய்ச்சலும் பாம்புக்கடியும் வாட்டின. நள்ளிரவில் ஒரு பெண்ணுக்கு நோவு கண்டால், அடுத்த மருத்துவமனைக்கு இருபது முப்பது கிலோமீற்றர் போகவேண்டும். ஊரில் ஓடக்கூடிய வண்டி ஒன்று உண்டா, அதிலே எழுப்புவதற்குக் காற்போத்தல் பெற்றோல் உண்டா என்பவை தாயும் பிள்ளையும் பிழைப்பதைத் தீர்மானிக்கும் கேள்விகளாயின. அவ்வேளையிலே பொயின்றைத் துலக்கியவனும் கைப்பிடியைச் சுற்றியவனும் செய்த பணிக்குக் கணக்கெடுப்பு இல்லை.

அதே 1990களில் இலங்கையின் இன்னொரு முனையில் நடந்ததையும் ஒப்புநோக்குதல் தகும். இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் வண்டிகளைப் புதுப்பித்து விற்ற சார்ள்ஸ் வெயர் என்பார், தென்னிலங்கையில் அவ்வண்டிக்கான உதிரிப்பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பும் தொழிலொன்றைத் தொடங்கினார். ஒரே தீவின் தெற்கிலே புத்தம்புதிய மொறிஸ் தகடுகள் கப்பலேறின. வடக்கிலே அதே வண்டிக்கு ஒரு கஸ்கற் வேண்டி, பழைய தகரத்தையும் தடித்த காகிதத்தையும் வெட்டிக்கொண்டிருந்தனர்.

2002ஆம் ஆண்டு சனவரியிற் பெரும்பாலான தடைகள் நீங்கின. ஏப்பிரலில் ஏ 9 பாதை திறந்தது. பெற்றோல் வந்தது. விந்தை யாதெனில், ஈயங்கலந்த பெற்றோல் இலங்கையிற் கைவிடப்பட்டதும் அதே ஆண்டிலேதான். பழைய இயந்திரங்கள் எந்தப் பெற்றோலுக்கென வடிக்கப்பட்டனவோ அது அவை விழித்தபோது உலகை விட்டு நீங்கிக்கொண்டிருந்தது. தெற்கிலிருந்து பழைய கார்களில் ஆசைகொண்டோர் வந்து விலைபேசினர். பன்னிரண்டு ஆண்டுகள் நோயாளரைச் சுமந்த வண்டிகள் சில, கொழும்பிலே மெருகூட்டப்பட்டு ஞாயிற்றுக்கிழமை வண்டிகளாயின.

2006ஆம் ஆண்டு ஓகஸ்றில் பாதை மீண்டும் மூடப்பட்டது. 2008ஆம் ஆண்டில் மன்னார்ப் பக்கத்திலிருந்து கிழக்கு நோக்கி மக்கள் நகரத் தொடங்கினர். கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, ஈற்றில் முள்ளிவாய்க்கால். ஒவ்வொரு முறையும் புறப்படுமுன் வண்டியை எழுப்பவேண்டும். எழாத வண்டி அவ்விடத்திலேயே விடப்பட்டது. கூரைத்தகடும் கதவும் ஏற்றிய உழவு இயந்திரங்களும், கார்களும், மோட்டார்ச் சைக்கிள்களும் ஏ 35 வீதியின் இருமருங்கிலும் அவ்வாறே நின்றன. 2009ஆம் ஆண்டு மே மாதத்திற் போர் முடிந்தபோது, நந்திக்கடலுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்றிட்டியில் அவை குவியல் குவியலாகக் கிடந்த காட்சியைப் படங்களிற் கண்டவர் மறவார். எண்ணெய் ஊற்றி ஈரிரவு ஊறவிட்டு எழுப்பத்தக்க நிலையில் அவை இல்லை. சிலிண்டருக்குள் உப்புநீர் புகுந்திருந்தது. பலவற்றின் உரிமையாளரும் இல்லை. உயிரோடு செட்டிகுளத்து முகாமிலிருந்து மீண்டவர்களுட் பலரிடம் வண்டியின் பதிவுப் புத்தகம் இல்லை.

2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, மண்ணெண்ணெய் வித்தை சிலருக்கு நினைவுக்கு வந்திருக்கலாம். ஆனால் அவ்வாண்டு ஓகஸ்றில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. மலிவு என்ற காரணம் மறைந்தது. 2020 முதல் 2025இன் தொடக்கம் வரையில் கார் இறக்குமதி நிறுத்தப்பட்டமையால் பழைய வண்டிகளின் விலை மறுபடியும் உயர்ந்தது. அத்தடைக் காலத்தைக் கடந்துவந்த மொறிசையோ ஒஸ்ரினையோ வாங்குவோர், வர்ணத்தின் பளபளப்பை நோக்குமுன் பொனற்றைத் திறந்து, காபுரேற்றருக்கு அருகே பிற்காலத்திற் செருகிய குழாயின் அடையாளம் உண்டா என்று பார்ப்பது நன்று. இருப்பின், திறப்பைத் திருப்பாது, முதலில் ஒயிலை வடித்து மணந்து பார்த்தல் வேண்டும்.